நடுத்தரத்தில் வைத்த வீடு

ஜூன் 11, புதன்

நரிப்பொட்டலுக்கு வந்து சேர்ந்தாயிற்று. கமுதியில் பஸ் மாறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிய மண் ரோட்டில் நடக்க வேண்டியிருந்தது. ஊருக்குள் நுழையுமுன்பே கரிமூட்டப் புகை மூக்கில் ஏறிவிட்டது. மரத்தை வெட்டி, அடுக்கி, மேலே மண் மூடி, உள்ளே தீ வைத்து நாட்கணக்கில் புகைய விடுவார்கள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு.

மூன்று மாதம் இங்கே ஜாகை. ஊரில் யார் மிகவும் ஏழை, யார் ஏழை, யார் நடுத்தரம், யார் வசதி என்று ஊராரே கூடி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நான் கூட்டி உட்கார வைப்பவள், அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்து கணக்கெடுத்தால் கூரையைப் பார்ப்போம், வண்டியைப் பார்ப்போம், ஏமாந்து போவோம். ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். அதனால் தரையில் ஊர்ப்படம் வரைந்து, வீட்டுக்கு ஒரு அட்டை எழுதி, அட்டைகளை அவர்கள் கையாலேயே நான்கு வட்டங்களில் வைக்கச் சொல்கிறோம். மிகவும் ஏழை என்ற வட்டத்தில் வரும் வீடுகளுக்குத்தான் திட்டத்தின் உதவி. ஏற்றத்தாழ்வு குறைந்ததா என்று ஓரிரு வருடம் கழித்து வேறு ஆட்கள் வந்து அளப்பார்கள். பதினாறு வருடமாக இதைச் செய்கிறேன். இதைவிட நேர்மையான முறையை யாராவது காட்டினால் மறுநாளே வேலையை விட்டுவிடுகிறேன்.

தங்க இடம் கிடைத்துவிட்டது. நாகவள்ளி என்று ஒருத்தி, நாற்பதுக்குள் இருப்பாள். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. முன்னறையை எனக்கு ஒழித்துத் தந்துவிட்டு அவர்கள் உள்ளே ஒண்டிக்கொண்டார்கள். வந்த அரை மணியில் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தமயந்தி மேடம் என்பதைவிட இது பரவாயில்லை.

ஜூன் 13, வெள்ளி

நாகவள்ளியின் புருஷன் இருளாண்டி. கரிமூட்டத்திலேயே வளர்ந்தவர். இப்போது நெஞ்சில் மூச்சே நிற்பதில்லை. வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை நடந்துவிட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பேசும்போது நடுவில் நிறுத்தி, கையைக் காட்டி, மூச்சு வந்த பிறகு மிச்சத்தைச் சொல்கிறார். அப்படியும் வாய் சும்மா இருப்பதில்லை. "நான் ஒரு வார்த்த... சொல்றதுக்குள்ள எம்பொண்டாட்டி... ஒம்பது சொல்லிருவா" என்றார். சிரித்தால் இருமல் வருகிறது என்று அவரைச் சிரிக்க விடாமல் பார்த்துக்கொள்வதே அந்த வீட்டில் ஒரு வேலை.

பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்: நுரையீரல் கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான், வீட்டிலேயே காற்று தரும் மிஷின் வைத்துக்கொண்டால் இழுத்துப் பிடிக்கலாம், வருடக்கணக்கில் கூட இருப்பார் என்று. மிஷின் விலையைக் கேட்டுவிட்டு இவர்கள் மாத்திரையோடு திரும்பி வந்துவிட்டார்கள்.

மகள் பூமயில், பத்தொன்பது வயது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு அம்மாவோடு விறகு வெட்டப் போகிறாள்.

ராத்திரிச் சாப்பாடு எனக்கு மட்டும் தட்டில் வருகிறது. "நாங்க அப்பவே சாப்டோம்க்கா" என்கிறாள் வள்ளி. சீக்கிரம் சாப்பிடும் பழக்கம் நல்லதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். கரித்தூள் பட்ட வெள்ளைச் சேலை இனி வெள்ளைச் சேலை இல்லை.

ஜூன் 18, புதன்

மகளிர் குழுத் தலைவி மங்களேசுவரி வீட்டில் பெண்களைக் கூட்டி விவரம் சொன்னேன். மிகவும் ஏழை வட்டத்தில் வரும் வீடுகளுக்கு ஆடு உண்டு, வீடு பழுது பார்க்க உதவி உண்டு, நோயாளி இருந்தால் மருத்துவக் கருவியும் உண்டு என்றேன். காற்று மிஷின் உண்டா என்று மங்களேசுவரி கேட்டாள். வட்டாரத்துக்கு ஒன்று ஏற்கனவே வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள், தேவைப்படும் வீட்டுக்குப் போகும் என்றேன். யாரும் வள்ளியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்த விதத்திலேயே எல்லாருக்கும் அவள் நினைவு வந்தது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வள்ளி கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவே அந்த மிஷினக் குடுத்துருவாகளாக்கா?"

"ஊர் உங்களை எந்த வட்டத்துல வைக்குதோ அதைப் பொறுத்தது வள்ளி."

"இந்த ஊருக்கு எங்க நெலம தெரியாதாக்கா" என்று சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிக்கிறாளாம், பூமயில் சொன்னாள். எனக்கும் மனசு நிறைந்துபோயிற்று. இந்த வேலையில் ஒருவருக்கு நேரே நல்லது நடப்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

ஜூன் 21, சனி

பூமயிலைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். கூத்தன்கண்மாயிலிருந்து. மாப்பிள்ளை கார்மேகம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை. அம்மா பஞ்சவர்ணமும் அவளுடைய அண்ணன் சோலையப்பனும் வந்திருந்தார்கள். சோலையப்பன் இந்தப் பக்கமெல்லாம் வந்து கரி வாங்கி லோடு ஏற்றுகிறவர். சட்டைப் பையில் இரண்டு செல்போன், வாயில் வெற்றிலை. பஞ்சவர்ணம் அதிகம் பேசவில்லை. பூமயிலின் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

வள்ளி முன்பே போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "மாடி வீடுக்கா. தரையெல்லாம் டைல்ஸு, வழுக்குது. எம்மக அங்கன போயி இருக்கணும்னு தலையில எழுதிருந்தா நான் எதக் குடுத்தும் அனுப்பிருவேன்" என்றாள்.

அவர்கள் இருந்த ஒரு மணி நேரமும் இருளாண்டி சாய்ந்து உட்காரவில்லை. நிமிர்ந்தே இருந்தார், இருமவும் இல்லை. அவர்கள் தெருமுனை திரும்பியதும் பாயில் விழுந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. நோயைப் பற்றி அவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். வள்ளி ஜன்னல் பக்கம் பார்த்தாள். லேசா சளி என்று சொல்லி வைத்திருக்கிறாளாம்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று கூட்டம். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது.

எங்கள் திட்டத் தலைவர் ராஜநாயகம் சாரே வந்துவிட்டார். கூடவே வெளியூர்ப் பார்வையாளர்கள் நாலு பேர், ஒரு கேமராக்காரர். என் கூட்டத்தைப் பயிற்சிக்கு மாதிரியாகப் படம் பிடிக்கப் போகிறார்களாம். முதல் நாளே சொல்லியிருந்தால் நல்ல சேலையாக எடுத்து வந்திருப்பேன்.

வேப்பமரத்தடியில் ஊரே கூடிவிட்டது. பெண்கள் கோலப்பொடியால் தெரு போட்டார்கள், கண்மாய் போட்டார்கள், கோயில் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு அட்டை. நான்கு வட்டம். அட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை வாசித்து, ஊர் சொன்ன வட்டத்தில் மங்களேசுவரி வைத்துக்கொண்டு வந்தாள். சண்டை நடந்தது, சிரிப்பு நடந்தது. "நீ ஏழன்னா நான் பிச்சக்காரன்டா" என்று ஒருவர் எழுந்து போய், பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நடத்துகிறவர் வாயைத் திறந்தால் அது அவருடைய முடிவு, ஊர் முடிவு இல்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

அந்த நேரம் பார்த்துத்தான் சோலையப்பன் லோடு ஏற்ற வந்தார். லாரியை நிறுத்திவிட்டு, கூட்டம் என்னவென்று பார்க்க மரத்தடியில் வந்து நின்றார். நின்றவர் போகவில்லை.

அடுத்த அட்டை இருளாண்டி வீடு. மங்களேசுவரி பெயரை வாசித்தாள். சோலையப்பனை எல்லாரும் ஒருமுறை பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை, கண்ஜாடை கூட இல்லை.

"இருளாண்டி அண்ணனுக்கு என்ன கொற" என்றாள் மங்களேசுவரி. "மெத்த வீடு இருக்கு. ஒழைக்கிற குடும்பம்."

"நடுத்தரம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். கருமலையான். ஒரு வரப்புத் தகராறில் இருளாண்டியோடு வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத மனிதர். அவரே எழுந்து நின்று இன்னொரு தரம் சொன்னார். "நடுத்தரம்னு வை ஆத்தா. யோசிக்காத."

பிறகு எல்லாரும் சொன்னார்கள். ஒரு ஏழை வீட்டுப் பெண்ணுக்கு மாடி வீட்டுச் சம்பந்தம் வந்திருக்கிறது. அதை ஊர் கெடுக்குமா? மங்களேசுவரி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வள்ளியைப் பார்த்தாள். வள்ளி தலையை ஆட்டினாள். அட்டை நடுத்தரத்துக்குப் போயிற்று. பிறகு மங்களேசுவரி என்னைப் பார்த்தாள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஆட்சேபணை உண்டா என்று மட்டும் கேட்டேன், எல்லா வீட்டுக்கும் கேட்பதுபோல. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அட்டையை எடுக்கச் சொன்னேன்.

முடிந்ததும் ராஜநாயகம் சார், "பதினாறு வருஷ அனுபவம்னா இதுதான். ஒரு இடத்துலகூட நீங்க குறுக்கிடல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தென்மாவட்டங்களுக்குப் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியாகிறதாம். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்.

ஜூன் 25, புதன்

காலையில் வள்ளி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"நேத்து நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாம் போச்சுக்கா. வாயத் தொறக்காம இருந்தீக. ஒங்களக் கும்புடணும்."

"மிஷின் வேணுமே வள்ளி."

"வேணும். அது இல்லாம இவுக தைப் பொங்கலப் பாக்க மாட்டாக. ஆனா அந்தாளு நிக்கையில எப்படிக்கா?"

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தோம். பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவோம். ஜூலை முடியும்வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை மனு கொடுக்கலாம். ஜூலை பத்தாம் தேதி நிச்சயதார்த்தம் பேசியிருக்கிறார்கள். பூ வைத்துவிட்டால் அப்புறம் சம்பந்தம் அவ்வளவு லேசில் கலையாது. மறுநாளே நான் மனு எழுதித் தருவது, ஊரார் கையெழுத்துப் போடுவது, மிஷின் வீட்டுக்கு வருவது. ஒரு குறையும் இல்லாத திட்டம். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

பட்டியல் ஒட்டியாயிற்று. பசை காய்வதற்குள் காற்று ஒரு தாளைக் கொண்டுபோயிற்று. கருவேலங்காட்டுக்குள் ஓடிப் பிடித்து வந்தேன், காலில் முள். இருளாண்டி வாசலில் உட்கார்ந்துகொண்டே அந்த முள்ளை எடுத்துவிட்டார். "புடுங்குறப்ப... மூச்ச... புடிச்சுக்கங்க" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமல் அடங்கக் கால்மணி ஆனது.

நாங்கள் படம் பிடித்த கூட்டத்தை அலுவலகத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்களாம். செபாஸ்டின் போனில் சொன்னான். கூத்தன்கண்மாயில் ஏப்ரலில் இதே வேலையைச் செய்தவன் அவன். அவனுடைய கூட்டத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

நிச்சயதார்த்தம் தள்ளிப்போயிற்று.

சோலையப்பன் போனில் பேசினார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்து ஆடி வந்துவிடும், ஆடியில் எதுவும் செய்யக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்றாராம். வள்ளி போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவில். மனுவுக்குக் கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று.

"இப்பவே குடுத்துடலாமா வள்ளி" என்று கேட்டேன்.

"குடுத்தா பேரு சொவத்துல ஏறும்ல? மிகவும் ஏழைன்னு கொட்டையா எழுதி ஒட்டுவீகல்ல?"

"ஒட்டணும். அதுதான் முறை."

"அவரு வாரத்துக்கு ஒருக்கா லோடு ஏத்த வாராரேக்கா" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

தலைக்குச் சாயம் போட்டேன். இருளாண்டி இப்போது படுப்பதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து தூங்குகிறார்.

ஜூலை 19, சனி

இன்று வள்ளி ஒன்று கேட்டாள்.

"அந்த ஊருலயும் ஒங்க ஆளுக இதே மாதிரி அட்ட வச்சாகளாமே. அவுக வீட்ட எதுல வச்சாகன்னு பாத்துச் சொல்ல முடியுமாக்கா? அவுகளும் நம்மள மாதிரின்னா பயமில்ல. ஒடைச்சுப் பேசிருவேன். மனுவக் குடுத்துருவோம்."

ஒரு ஊர்ப் பட்டியலை வேறு ஊருக்குச் சொல்லக் கூடாது. அது விதி. ஆனால் உள்ளே இருளாண்டி மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விதியைப் பார்க்கும் நேரமா இது என்று தோன்றிற்று. மடிக்கணினியில் செபாஸ்டினின் பட்டியல் இருந்தது. தேடினேன். பஞ்சவர்ணம், மகன் கார்மேகம். வசதி.

திரும்ப ஒருமுறை பார்த்தேன். வசதி என்றுதான் இருந்தது.

சொன்னேன். ஊரார் கூடி உட்கார்ந்து வைத்தது, தப்பாக இருக்காது என்றும் சொன்னேன். எந்த அரசாங்கக் கணக்கெடுப்பையும்விட இதைத்தான் நான் நம்புவேன் என்று வேறு சொன்னேன். அதெல்லாம் அவளுக்கு எதற்கு?

"நாம நெனச்சதவிடப் பெரிய எடம்" என்றாள் வள்ளி. "இனி மனு வேணாம்க்கா. பூ வச்ச பொறவு பாப்போம். இவுக அதுவர தாங்குவாக. தாங்க வைப்பேன்."

உள்ளேயிருந்து இருளாண்டி, "பேசாம... இருங்க ரெண்டு பேரும். எம்மக... மொதல்ல" என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள். மாலை வரை ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மனு எதுவும் வரவில்லை. "ஆட்சேபணை: இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். ராஜநாயகம் சார் கட்டைவிரல் படம் ஒன்று பதிலுக்கு அனுப்பினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடிக்காற்றில் மூட்டப் புகை முழுக்க ஊருக்குள்தான் அடிக்கிறது. இருளாண்டிக்கு நேற்றுக் காலை உதடெல்லாம் நீலம். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் காற்று வைத்ததும் ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாராம். பூமயில் போனில் அழுதுகொண்டே சிரித்தாள். "எங்கய்யா நிறுத்தாமப் பேசுறாரு பெரியம்மா! ஒரே மூச்சுல பேசுறாரு!"

எவ்வளவு சுலபம். ஒரு குழாய், ஒரு பெட்டி.

ஆகஸ்ட் 11, திங்கள்

படுக்கை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மிஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் மறுபடி எழுதித் தந்திருக்கிறார். வள்ளி வந்ததும் வராததுமாக, "மனு எழுதுங்கக்கா. சொவத்துல என்ன எழுதுனாலும் எழுதட்டும்" என்றாள்.

அலுவலகத்துக்கே போனேன். மிஷின் அட்டைப் பெட்டி பிரிக்காமல் ராஜநாயகம் சார் அறை மூலையில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்து மிகவும் ஏழை வீடுகளில் மூச்சு நோயாளி யாரும் இல்லையாம். அதன்மேல் யாரோ டிபன் பாக்ஸ் வைத்திருந்தார்கள்.

"இரவலாகவாவது கொடுங்க சார். அந்த வீட்டுல தங்கியிருக்கேன். நடுத்தரம் இல்ல. மிகவும் ஏழைக்கும் கீழ."

"அப்ப கூட்டத்துல ஏன் சொல்லல?"

"நடத்துறவங்க சொல்லக் கூடாதே சார்."

"ஆட்சேபணை மனுவாவது குடுக்க வச்சிருக்கலாமே. இல்லைன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க." அவர் கெட்டவர் இல்லை. மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். "பட்டியலுக்கு வெளிய குடுத்தா நாளைக்கு எல்லா ஊர்லயும் கேப்பாங்க, தமயந்தி. இருபத்தஞ்சாம் தேதி கமிட்டி கூடுது. முதல் விஷயமா வைக்கிறேன். சத்தியமா வைக்கிறேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கனமாகக் கூட இருக்காது. மனு ஒன்றை எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வாடகைக்கு மிஷின் கிடைக்குமா என்று மதுரையில் நாலு இடம் கேட்டேன். ஒருவர் தருகிறேன் என்றார், என் பெயரில் எடுத்தேன். வந்து பார்த்தால் பழசு. ஒரு நாள் ஓடியது. அந்த ஒரு நாள் இருளாண்டி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மாமியார் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று நிறுத்தாமல் புத்தி சொன்னார். மறுநாள் கரண்ட் ஏறி இறங்கியதில் புகைந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி நிச்சயதார்த்தம் என்று சோலையப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறார். வள்ளி அதைப் புருஷன் காதருகே போய்ச் சொன்னாள். அவர் கை விரலை மடக்கி மடக்கி நாளை எண்ணினார்.

ஆகஸ்ட் 20, புதன்

இருளாண்டி போய்விட்டார். காலையில், உட்கார்ந்தபடியே, தலையணைமேல் கவிழ்ந்தபடி. தூங்குகிறார் என்று பூமயில் ரொம்ப நேரம் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மயானத்துக்குக் கருமலையான்தான் முன்னால் தூக்கினார். தோளை மாற்ற வந்தவர்களை விடவில்லை.

கமிட்டியில் வைக்க வேண்டியதில்லை என்று ராஜநாயகம் சாருக்குச் செய்தி அனுப்பினேன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று எழுதினார். பயிற்சியாளர் உத்தரவு தயாராகிவிட்டதாம், அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். இரண்டும் ஒரே செய்தியில் இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

கூத்தன்கண்மாயிலிருந்து துட்டி கேட்க வந்தார்கள். கார்மேகமும் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். ஆண்கள் வெளியே உட்கார்ந்துகொண்டார்கள். பஞ்சவர்ணம் உள்ளே வந்து வள்ளியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பூமயில் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன்.

அழுது ஓய்ந்த பிறகு பஞ்சவர்ணம் கேட்டாள். "இம்புட்டு முடியாம இருந்தாகன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மதினி? சளின்னுதான சொன்னீக?"

"எப்படிச் சொல்றது" என்றாள் வள்ளி. அழுது அழுது குரல் போய்விட்டது. "மிஷின் குடுக்குறேன்னாக மதினி. மிகவும் ஏழைன்னு எழுதி ஒட்டுனா குடுப்பாக. சோலையப்பண்ணன் பாத்துட்டா? நீங்க வசதியான எடம். ஒண்ணுமில்லாத வீட்டுல, நோக்காட்டுக்காரன் மகள எடுப்பீகளா?"

"யாரு மதினி வசதி?"

வள்ளி நிமிர்ந்து பார்த்தாள்.

பஞ்சவர்ணம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வந்து பாத்தது எங்கண்ணன் வீடு. நானும் எம்புள்ளயும் பின்னால கொட்டாயிலதான் கெடக்கோம், மழை பேஞ்சா ஒழுகும். எங்க ஊருலயும் அட்ட வச்சாக. எம்புள்ளைக்கிப் பொண்ணு தேடிக்கிட்டிருந்த நேரம். ஏழைன்னு ஒட்டுனா எவன் பொண்ணு குடுப்பான்? அண்ணன் வீட்டயே எங்க வீடுன்னு எழுதச் சொல்லிட்டேன். ஊருல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் மறுத்துப் பேசல." மூக்கைச் சிந்தினாள். "நிச்சயத்தத் தள்ளிப் போட்டதும் ஆடிக்காக இல்ல மதினி. பூ வைக்கச் சேல எடுக்கணும், தட்டு வைக்கணும். கையில ஒண்ணுமில்ல. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

வெளியே ஆண்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

பூமயில்தான் பேசினாள். "அப்ப யாருக்குப் பயந்துக்கிட்டு எங்கய்யாவ மூச்சு முட்ட விட்டோம்?"

பஞ்சவர்ணம் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பூமயில் அங்கேயும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வள்ளி என் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"லிஸ்டப் பாத்துத்தான சொன்னீக, அக்கா?"

"ஆமா வள்ளி. வசதின்னுதான் இருந்துச்சு."

மக்கள் சொன்னதுதான் அதில் இருந்தது, நான் எழுதியது இல்லை என்று நாக்கு வரை வந்தது. வள்ளி அதற்கு இடம் வைக்கவில்லை.

"எங்க வீட்டு அட்டைய நடுத்தரத்துல வைக்கிறப்ப எதுக்க ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தீக. அது பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியும். இந்த வீட்டுச் சோத்தத் தின்னவுக நீங்க. அப்பறம் அந்த ஊரு லிஸ்டு மட்டும் நெசமா இருக்கும்னு எப்படிக்கா நம்புனீக?"

எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் அழ எனக்கு உரிமை இல்லை என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். சோலையப்பன் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார்.